எல்லாப் பாடத்திலும் ஒன்று

ஐசுலுவைப் பார்த்ததும் மெலிஸின் முகம் வெளுத்துவிட்டது. கடையின் தந்தூரி அடுப்புச் சுவரில் ஒட்டப்போன இறைச்சிச் சம்சா கையிலேயே நின்றது. எட்டு வருடம் ஆகியும் இவனுக்கு நம் மேல் கோபம் ஆறவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"பல்கலைக்கழகத்திலேருந்து வரேன் தம்பி. என்னை ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா அக்கா?" என்று சொல்லி, பெஞ்சைத் துடைத்துப் போட்டான்.

அந்த மரியாதை அவளை இன்னும் குத்தியது. பிஷ்கெக்கிலிருந்து தோக்மோக் வரை மினிபஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. அவன் முழங்கை வரை அடுப்புச் சூடு பட்ட தழும்புகள். வாய்க்காலும் மதகும் கட்டியிருக்க வேண்டிய கை மாவு பிசைந்துகொண்டிருக்கிறது, அதற்குக் காரணம் தான்தான் என்று நினைத்தபோது அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பார்த்து, மேற்படிப்பில் சேரத் தகுதி உண்டா இல்லையா என்று எழுதுவது ஐசுலுவின் வேலை. எட்டு வருடத்துக்கு முன்னால், நூலகத்திலிருந்து அந்த மேஜைக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்தில், மெலிஸ் ஒரு ஜெர்மனிப் பட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினான். நீர்ப்பாசனப் பொறியியல். எல்லாப் பாடத்திலும் ஒன்று, ஒன்று, ஒன்று.

பிஷ்கெக் பக்கம் ஐந்து மதிப்பெண்தான் உச்சம். இரண்டு வாங்கினாலே தோல்வி, ஒன்று என்பது வாத்தியார் எரிச்சலில் போடுவது. ஐசுலு 'தகுதி இல்லை' என்று எழுதி, காகிதத்தை ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினாள்.

"எல்லாத்துலயும் ஒண்ணு, எல்லாத்துலயும் பெயிலு. இந்த லட்சணத்துல மேற்படிப்பு வேறயா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். மெலிஸ் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. காது சிவக்கக் காகிதத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

போன மாதம்தான் அவள் தலையில் இடி விழுந்தது. வேறொரு மாணவியின் ஜெர்மனிச் சான்றிதழ், பின்பக்கமும் மொழிபெயர்க்கப்பட்டு வந்திருந்தது. அங்கே ஒன்றுதான் உச்சம், ஐந்துதான் தோல்வி என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அவசரமாக மெலிஸின் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். நோட்டரி முன்பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்து முத்திரை குத்தியிருந்தார். பின்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து தூக்கமும் போயிற்று, சாப்பாடும் இறங்கவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தாலாவது பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு போனானே என்பதுதான் அவளை அரித்தது. துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னாள். பழைய குப்பையைக் கிளறாதே, எழுத்தில் கொடுத்தால் உன் வேலை போகும் என்று அவர் எச்சரித்தார். அவள் எழுதிவிட்டாள்.

இப்போது அந்தக் கடிதத்தை மெலிஸின் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தவறு முழுக்கத் தன்னுடையது, மெலிஸை நுழைவுத் தேர்வு இல்லாமலே இந்த வருடம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவனும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். நாளைக்குக் கொடுத்துவிடலாம், அதோடு அவள் வேலைக்கும் முழுக்கு.

மெலிஸின் மனைவி பெர்மெத் மாவுக் கையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "படிப்புப் பேச்சை எடுத்தாலே இந்த மனுஷன் எந்திரிச்சுப் போயிடுவாரு. ஏன்னு இப்பல்ல புரியுது," என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லாப்பெட்டியிலிருந்து பேனாவை எடுத்துவந்து புருஷன் கையில் வைத்தாள். "போடுங்க. கடையை நான் பாத்துக்கறேன்."

மெலிஸ் பேனாவைப் பிடித்தபடி கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே சம்சா தீயும் வாசனை வந்தது. யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

"நான் கெடுத்தது உங்க வாழ்க்கையை," என்றாள் ஐசுலு. "என் வேலை போனாப் போகட்டும் தம்பி. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அது போதும்."

அவன் பெர்மெத்திடம், வந்தவருக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னான். அவள் உள்ளே போய் மறையும்வரை காத்திருந்தான். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கடிதத்தை ஐசுலுவின் பக்கமே நகர்த்தினான். நிமிர்ந்து பார்க்கவில்லை, குரலும் அடங்கிப்போயிருந்தது.

"அது சந்தையில வாங்கின சான்றிதழ் அக்கா. ஒண்ணுன்னா பெயிலுன்னு நீங்க சொன்னதை நானும் நம்பிட்டேன்."