தேறாத துணி

“இது தேறாது. எடுத்துக்கிட்டுப் போ.”

சங்கத்துக்குத் துணி வாங்கும் தோமாசா அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோனாள். மடித்தது மடித்தபடியே தள்ளிவிட்டாள்.

எவுலாலியா அதை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள். “அக்கா, விரிச்சுப் பாத்துட்டுச் சொல்லு. ஒரு இழை தப்பியிருந்தா கேளு.”

“புகை நாத்தம் அடிக்குது. கடல் தாண்டிப் போற சரக்கு இது.”

நெசவுச் சங்கத்துக் கூடத்தில் சோளக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரக்கு ஏற்ற வந்த வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

அடுத்தடுத்து இரண்டு தடவை துணி கொடுக்காதவளுக்குச் சங்கத்தில் இடமில்லை. எல்லோரும் கை தூக்கிப் போட்ட விதி. எவுலாலியாவும்தான் தூக்கினாள். மழையில் சறுக்கி அந்தக் கையே பிசகிக்கொள்ளும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்? போன தடவை கொடுக்க முடியவில்லை. இந்தத் தடவையும் இடுப்புத் தறியின் வாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். நூலை இறுக்கி அடிக்க வலது கை எழும்பவில்லை.

சங்கம் இல்லையென்றால் சந்தைத் தரகனிடம் போய் நிற்க வேண்டும். அவன் துணியைப் பார்க்க மாட்டான், நெய்தவளின் பசியைத்தான் பார்ப்பான்.

அதனால்தான் காலையில் பெட்டியின் அடிவரை கை விட்டாள்.

அந்த மலையூரில் ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று ஒரு உய்பீல் நெய்து வைத்திருப்பாள். உயிரோடு இருக்கும்வரை அந்த மேல்சட்டையைப் போடுவதில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் சாம்பிராணி காட்டி மறுபடி மடித்து வைப்பாள். அதை உடுத்திக்கொண்டுதான் மண்ணுக்குள் போவாள்.

விடிந்ததிலிருந்து வெயிலில் போட்டும் அந்தப் புகை போகவில்லை.

“ஏக்கா தோமாசா,” என்று இழுத்தாள் பெத்ரோனா. “திருவிழாவுக்குப் போட்டுக்க ரெட்டைத்தலைப் பறவை வெச்சு ஒண்ணு நெய்ஞ்சு முடிச்சியே, அதையும் மோந்து பாத்தியா? இல்ல, ராணியம்மாவுக்கு விதி கிடையாதா?”

எல்லோரும் சிரித்தார்கள். தோமாசா சிரிக்கவில்லை.

“எவுலாலியா, உனக்குத்தான் சொல்றேன். இதைக் கொண்டுபோய் எடுத்த எடத்துலயே வை. இன்னொரு தடவை இதை இங்கே பாத்தேன்னா நடக்கறதே வேற.”

சொல்லிவிட்டு எழுந்து, பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

“கல்லு நெஞ்சுடி இவளுக்கு,” என்றாள் பெத்ரோனா. “தாலாட்டைக்கூட அதட்டித்தான் பாடியிருப்பா.”

எவுலாலியா துணியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. இறங்கி வந்த மேகம் எதிர்மலையை மூடிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை இந்தப் படியில் உட்கார அவளுக்கு உரிமை இருக்காது.

கொஞ்ச நேரத்தில், பின்வாசல் வழியாகத் திரும்பியிருந்த தோமாசாவின் குரல் கூடத்துக்குள் கேட்டது. மூட்டை கட்டும்போது பெயர் சொல்லி எண்ணுவது வழக்கம்.

“பெத்ரோனா, ரெண்டு. மிக்காயெலா, ஒண்ணு. எவுலாலியா, ஒண்ணு.”

காதில் விழுந்ததை நம்பாமல் எவுலாலியா உள்ளே போனாள். மற்றவர்கள் முதல் மூட்டையை வேனுக்குச் சுமந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது மூட்டையின் வாய் இன்னும் திறந்திருந்தது. மேலாகக் கிடந்த துணியில் ரெட்டைத்தலைப் பறவை சிறகு விரித்திருந்தது.

எவுலாலியா அதைத் தொட்டுப் பார்த்தாள். “அக்கா, இது உன்...”

“வாயை மூடு.” தோமாசா கயிற்றை இறுக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “திருவிழாவுல நான் பழசைப் போட்டுக்கிட்டு நின்னா பெத்ரோனா ஒரு நாள் சிரிப்பா. நீ மேலே போய் ஏதோ ஒரு கந்தலோட நின்னா, முன்னாடியே அங்க போய்ச் சேந்த உன் புருஷன் காலமெல்லாம் என்னையில்ல ஏசுவான்.”