ஆற்று மணலில் இறக்கிய கேரவன்

திருவரங்கத்து மாந்தர்க்கும், மேலே திரண்டிருக்கும் மழை மேகங்களுக்கும் ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: பாக்கியநாதன் ஓடப்போகிறார்.

அறிவிப்பை எழுதியவர் பாக்கியநாதன்தான். விடிந்ததும் தன் படத்தோடு ஓட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நானூறு பேர் உள்ள குழு. இரண்டு பேர் கைகூப்பினார்கள்.

சென்னையில் வாடகைக்கு எடுத்த கேரவன். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. ஊர் ஊராகப் போவது, ஒவ்வோர் ஊரையும் ஓடியே சுற்றிப்பார்ப்பது என்று திட்டம். அவர் ஓடுவார். மனைவி அமலராணி வண்டியில் காத்திருப்பாள். இதற்கு அவர் வைத்த பெயர் ஜோடிப் பயணம்.

நேற்றுச் சாயங்காலம் கொள்ளிடக் கரைக்கு வந்தபோது, "மேல ரோட்டுலயே நிறுத்துங்களேன்" என்றாள் அமலராணி.

அவர் வண்டியை வறண்ட ஆற்று மணலுக்குள்ளேயே இறக்கினார். கண் விழித்தால் ஆறு தெரிய வேண்டுமாம்.

சளிக்கு மாத்திரை போட்டுப் படுத்தவள். இடி விழுந்தாலும் எழமாட்டாள். காலையில் அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக் கிளம்பினார்.

தூறலில் ராஜகோபுரம். ஒரு செல்ஃபி.

பெருமழையில் அம்மா மண்டபம். காவிரிக்கு அக்கரையில், மலைக்கோட்டை இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. அதனோடும் ஒரு செல்ஃபி.

அப்போதுதான் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது.

"கொள்ளிடக் கரையோரப் பொதுமக்களின் மேலான கவனத்திற்கு..."

முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்தாகிவிட்டது. யாரும் கொள்ளிடத்தில் இறங்கவோ, குளிக்கவோ, ஆடுமாடு ஓட்டிப் போகவோ, செல்ஃபி எடுக்கவோ கூடாது.

கேரவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றுக்குள் கட்டிலோடு வண்டியை இறக்குகிற ஆள் இருப்பான் என்று அறிவிப்பு எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

அமலராணிக்குப் போன் போட்டார். ரிங் முழுதாகப் போய் அறுந்தது. மறுபடி போட்டார். மறுபடி அறுந்தது.

ஓடினார்.

இத்தனை வருடம் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை என்பது முதல் தெருவிலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் மூச்சு போய், விலா குத்தி, வாயில் மழைத் தண்ணீரும் எச்சிலும் ஒன்றாகிவிட்டன.

எதிரே வந்த வேறோர் ஆட்டோவுக்கு இரண்டு கையையும் ஆட்டினார். அவர் பனியன் மார்பில் 'நிற்காதே' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. ஆட்டோ நிற்கவில்லை.

உத்திர வீதி முனையில் குடையோடு நின்ற மாமா ஒருவர் சத்தமாகச் சொன்னார்.

"எதுக்கு சார் இப்படி விழுந்தடிச்சுண்டு ஓடறேள்? பெருமாள் சயனத்துலதான் இருக்கார். எழுந்து எங்கேயும் போயிடமாட்டார்!"



அவளும் சயனத்தில்தான் இருக்கிறாள். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வரும். கட்டில் காலில் ஏறும். போர்வை நனைவதைக் கனவு என்றுதான் முதலில் நினைப்பாள்.

வழுக்கி விழுந்தார். முட்டியில் ரத்தம். எழுந்து ஓடினார்.

மாதாவே, அவளைக் காப்பாத்திக் கொடு, வேளாங்கண்ணிக்கு ஓடியே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். ஓட்டம் மாதாவுக்குப் பிடிக்காதோ என்று பயந்து, நடந்தே வருகிறேன் என மாற்றினார்.

கையில் வாட்ச் அதிர்ந்தது. வாழ்த்துச் சொன்னது. அவர் வாழ்நாளிலேயே அதிவேக ஓட்டமாம்.

பஞ்சக்கரை ரோட்டைக் கடந்து கரைமேல் ஏறினார்.

மணலைக் காணோம்.

வண்டி நின்ற இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கிய வாழைமரம் ஒன்று மெதுவாகச் சுழன்றது. பெரிய சத்தம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கரையில் மாடுகளை மேடேற்றிக்கொண்டிருந்த வீரமலை என்பவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கேரவன்! இங்க ஒரு கேரவன் நின்னுச்சே!"

"அதுங்களா? போயிடுச்சுங்க."

"உள்ள... உள்ள என் வைஃப்..."

"அந்தம்மாவும்தாங்க போயிட்டாங்க."

பாக்கியநாதன் சேற்றில் உட்கார்ந்தார். வாய் கோணியது. எந்தக் குழுவிலும் போட முடியாத முகம் அது.

வீரமலை மிரண்டுவிட்டார். "அய்யய்யோ, அந்தப் போறது இல்லைங்க! அவங்களே வண்டிய எடுத்துட்டுப் போனாங்க. ஒத்த ரிவர்ஸ்ல மேல ஏத்திட்டாங்க சார். நான் கையே தட்டிட்டேன்!"

பாக்கியநாதன் அழுதார். பிறகு சிரித்தார். வீரமலையின் ஈரத் துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். பழைய குரல் திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா, தண்ணி வருதுன்னதும் என்ன சமயோசிதம்! எல்லாம் என்கூட இருந்து வந்த பழக்கம். எங்க ஒதுக்கி நிறுத்தியிருக்கா?"

"நிறுத்தலைங்களே. சென்னை ரோட்டுக்கு வழி கேட்டாங்க, சொன்னேன்."

அவள் வழி கேட்டபோது ஒலிபெருக்கி ஆட்டோகூட வந்திருக்கவில்லை. கொள்ளிடத்தில் மணல்தான் இருந்தது.