நூற்றுப்பதினேழாம் நம்பர்

தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்பர்தான்.

"நூத்திப்பதினேழு!"

கொழுந்துக் கூடையோடு அவள் முன்னால் வந்தாள்.

"தொரை, நாளைக்கு வேலைக்கு வரமாட்டேங்க. கொழும்புல பரீட்சை."

"என்ன பரீட்சை?"

"எஸ்.ஏ.டி.ங்க. அமெரிக்காவுல கெம்பஸ் படிக்கப் போறதுக்கு."

தோட்டத் துரை சிரித்தார். "கொழுந்து பறிக்கிற நீயா? என் மகனும் நாளைக்கு அதைத்தான் எழுதுறான். ஆறு மாசமா ஒன்லைன்ல ஒரு மிஸ் சொல்லிக்குடுத்தும் திணறுறான். லீவு கெடையாது, போ!"

"நான் லீவு கேக்கலைங்க. வரமாட்டேன்னு சொல்ல வந்தேன்."

துரையின் முகம் சிவந்தது.

"இப்பவே வார்னிங் லெட்டர் தர்றேன்!" பேனாவை எடுத்தார். கடிதத்துக்கு நம்பர் போதாது. "பேர் என்ன?"

"சண்முகவடிவு."

பேனா நின்றது. "என் மகனோட மிஸ்ஸுக்கும் அதே பேர்..."

"நான்தாங்க அது." கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள். "பின்னக் கணக்குல நேத்தும் நாலு பிழை விட்டாரு. நாளைக்காவது கவனமா எழுதச் சொல்லுங்க."