குழாய்முனையில் ஒரு கண்

கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிக்குமுன் சுவரின் பாசியைக் கழுவ, தான் டாக்ஸி கழுவும் கேரேஜிலிருந்து பிரஷர் பம்பை இரவல் வாங்கி வந்திருக்கிறான் தனசீலன். அவன் கைப்பிடியை அடிக்க அடிக்க, மனைவி ஜெயசீலி துப்பாக்கி போலிருக்கும் குழாயைப் பிடித்துப் பீய்ச்சுகிறாள். தாராவி வெயிலில் பாசி பச்சையாக உரிந்து சந்துச் சாக்கடைக்கு வழிகிறது. திடீரென்று தண்ணீர் நிற்கிறது. "என்னமோ அடைச்சிக்கிட்டு போல," என்று அவள் குழாயைத் திருப்பி, முனைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள். விரல் இன்னும் விசைமேல் கிடக்கிறது. அவன் அடிப்பதை நிறுத்தியும் பம்புக்குள் அடைபட்ட தண்ணீர் உள்ளங்கையில் அதிர்கிறது. கத்தினால் திடுக்கிட்டு அழுத்திவிடுவாள். கோயிலில் சிலுவை போட ஆரம்பிப்பதுபோலவே மெல்ல, "பிதாவுடையவும்..." என்கிறான். அவளுடைய வலது கை தானாக விசையை விட்டு நெற்றிக்குப் போகிறது. தாவிக் குழாயைப் பறித்தவன் சுவர்ப்பக்கம் திருப்பி அழுத்துகிறான். அடைப்பு தெறிக்க, சீறிய தண்ணீர் காரையைப் பெயர்த்துச் செங்கல்லைத் தோண்டுகிறது. "நட்டநடு மத்தியானத்துல என்ன செபம்?" என்று சிரிக்க வந்தவள் சுவரைப் பார்க்கிறாள். கண்ணளவுக்கு ஒரு குழி. நெற்றியில் நின்ற கையை நெஞ்சுக்கு இறக்கி, மீதியை அவளே சொல்லி முடிக்கிறாள்.