மூணு டபிள்யூ

“செல்வி, இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதும்மா! பிள்ளைங்க நம்ம சைட்டைத் தொறந்தா, ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ன்னு சிவப்பா வருதாம். ஆதார் நம்பர் போட பயப்படுறாங்க. கீழப்பழுவூர்லேர்ந்து மட்டும் பதினெட்டு போன்!”

அரியலூரிலிருந்து லீலாவதி மேடம். காலையிலிருந்து இது நாலாவது தடவை. போலீஸ் தேர்வுக்குப் போகும் பெண்களுக்கு இலவசப் பயிற்சி நடத்துகிறவர். அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?” என்று மேடமே கேட்டார்.

“அதான் மேடம் நானும் சொல்றேன். நேத்துதானே அசோக் சார் சர்வர்லேர்ந்து நம்ம சர்வருக்கு மாத்துனோம்? அவருதான் அங்க ஏதோ பண்ணி வெச்சிருக்காரு. கஸ்டமர் போன கடுப்பு!”

போனை வைத்த வெற்றிச்செல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரம்பலூரில் ஒற்றை அறை பிடித்து, வெப்சைட் நடத்திக்கொடுக்கும் தொழில் ஆரம்பித்து மூன்று மாதம். கிடைத்த முதல் கஸ்டமரே லீலாவதி மேடம்தான்.

தன் கம்ப்யூட்டரில் மறுபடியும் திறந்து பார்த்தாள். சைட் பளிச்சென்று வந்தது. சிவப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. சர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டாள். அந்தச் சிவப்பு வராமல் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்தாள். நேற்றுப் போட்டது அப்படியே இருந்தது.

நேற்று வரை மேடத்தின் சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அசோக்குக்கு போன் போட்டாள்.

“சார், கஸ்டமர் போனா போனதுதான். அதுக்காகப் படிக்கிற பிள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க!”



“பாக்குறேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மணி மூன்று. மூன்றே கால். எழுந்தாள், உட்கார்ந்தாள். வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. மூன்றரைக்கு அசோக்கிடமிருந்து ஒரு மெசேஜ்.

‘முகவரிக்கு முன்னாடி www சேத்துத் தொறந்து பாருங்க.’

சேர்த்துத் திறந்தாள். திரை முழுக்கச் சிவப்பு.

www இல்லாத முகவரிக்கு மட்டும் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். அவள் எப்போதும் அப்படித்தான் அடிப்பாள். ஆனால் மேடம் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்த நோட்டீஸில் www-வோடு இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தானே அடிப்பார்கள்?

தப்பு முழுக்க அவளுடையது.

இரண்டு முகவரிக்கும் சேர்த்துப் புதிதாகச் சான்றிதழ் போட்டாள். ஐந்தே நிமிஷம். சிவப்பு போய்விட்டது. அடுத்தடுத்து விண்ணப்பங்கள் வந்து விழ ஆரம்பித்தன.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அசோக்கின் அடுத்த மெசேஜ்.

‘மேடம்கிட்ட நான் பேசிட்டேன்.’

போச்சு! சொல்லிவிட்டார். சும்மா விடுவாரா? அவள் பேசிய பேச்சுக்கு யார்தான் விடுவார்கள்? முதல் கஸ்டமரும் போனார், பேரும் போனது. இனி பெரம்பலூர், அரியலூர் பக்கம் யார் அவளை நம்பி வேலை கொடுப்பார்கள்?

போன் அடித்தது. லீலாவதி மேடம். எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தவள், கடைசி மணியில் எடுத்தாள்.

“மேடம்...”

“சரியாயிடுச்சும்மா! நூத்திப் பத்து பேர் போட்டாச்சு. நீ சொன்னதுதான் சரி. அசோக்கே போன் பண்ணுனாரு. பழைய சர்வர்ல அவரு எதையோ எடுக்காம விட்டுட்டாராம். ‘தப்பு என்னோடது மேடம், அந்தப் பொண்ணு தொழிலுக்குப் புதுசு, அது மேல கோவப்படாதீங்க’ன்னு மன்னிப்புக் கேட்டாரு. நல்லவேளை, அந்தாளை விட்டு வந்தோம்!”

வெற்றிச்செல்வி எழுந்து நின்றாள். போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மேடம்... அவரு உங்ககிட்ட பொய் சொல்லியிருக்காரு.”