கனகலட்சுமி பார்த்த கடல்

"ஊருக்குப் பேரு டார் எஸ் சலாமாம். ஆப்பிரிக்காவுல இருக்காம். இவ டூர் போயிருக்காளாம்!"

ஞானபூரணம் போனை மேசையில் டொக்கென்று வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தாவீது தட்டிலிருந்து நிமிரவில்லை.

"யாரு?"

"யாரா? எதுத்த வீட்டுக் கனகலட்சுமி! இங்கன இருக்க கன்னியாகுமரிக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போங்கன்னு எத்தன வருசமாக் கேக்கேன்? அவளுக்குத் தம்பி டிக்கெட் போட்டு அனுப்புதான். எனக்கு வாச்சது மிக்ஸி ரிப்பேர் கடை!"

"இந்த லீவுக்குப் போவோம்ட்டி."

"போன லீவுக்கும் இதத்தான் சொன்னிய."

தாவீது கை கழுவ எழுந்துவிட்டார்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த வாரத்தில் கிளம்பியவள் கனகலட்சுமி. தம்பி அங்கே ஏதோ கம்பெனியில் மேனேஜர். "அக்கா, ஒரு மாசம் வந்து சுத்திப் பாத்துட்டுப் போ" என்று கூப்பிட்டானாம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கார் ஏறினாள்.

போனதிலிருந்து தினமும் ஸ்டேட்டஸ். நீலக் கடல், தென்னந்தோப்பு, ஜனங்களை அடைத்துக்கொண்டு போகும் பெரிய படகு, மீன் சந்தை, கண்ணாடிக் கட்டடங்கள். ஞானபூரணம் ஒன்றையும் விடவில்லை. தான் பார்ப்பது கனகலட்சுமிக்குத் தெரியக் கூடாது என்று மகளிடம் சொல்லி போனில் என்னவோ மாற்றி வைத்துக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, எங்காவது குப்பை கிடக்கிறதா என்று தேடினாள்.

கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் குழம்பில் உப்பு கூடிப்போனது.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டு ஜுலைகா பீவி வாசலில் வந்து நின்றார்.

"பூரணம், கனகு வந்துட்டாளாம். வா, பாத்துட்டு வருவோம்."

போகக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் போகாவிட்டால் பொறாமை என்று நினைத்துவிடுவார்களே!

கனகலட்சுமி வீட்டில் ஏற்கெனவே நாலைந்து பெண்கள். ஆளுக்கொரு பொட்டலம் முந்திரிப் பருப்பு.

"அங்கன வெளைஞ்சது. தின்னு பாருங்க."

"முந்திரிப் பருப்பு நம்ம ஊர்லயும்தான் கிடைக்கு" என்று முணுமுணுத்தாள் ஞானபூரணம்.

"பூரணம், அடுக்களையில காப்பி கலந்து வச்சிருக்கேன். கொஞ்சம் ஊத்தி எடுத்துட்டு வந்துருட்டி."

ஞானபூரணத்துக்குச் சுருக்கென்றது. 'ஊர் சுத்திட்டு வந்தவளுக்கு நான் காப்பி ஊத்தணுமோ?'

அடுக்களையில் கனகலட்சுமியின் போன் சார்ஜில் கிடந்தது. தம்ளர்களை எடுத்து வைக்கும்போது அது அடித்தது. கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எடுத்தவள், தெரியாமல் விரலை வைத்துவிட்டாள்.

"மதினி, நல்லபடியா வீடு போய்ச் சேந்தியளா?"

கனகலட்சுமியின் தம்பி பெண்டாட்டி. ஞானபூரணம் வாயைத் திறப்பதற்குள் அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"மனசே சரியில்ல மதினி. சுத்திப் பாக்கன்னு கூப்பிட்டோம். நீங்க வந்து எறங்கின அன்னைக்கே நான் வழுக்கி விழுந்து கால முறிச்சிக்கிட்டேன். எனக்குக் குளிப்பாட்டி விடவும், பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடவுமே உங்களுக்கு மாசம் முடிஞ்சு போச்சு. பக்கத்துல இருக்க கடல ஒரு நாள் காட்ட முடியலையே! அவுக ஆபீஸ் போற வழியில எடுத்த போட்டோவத்தான் பாத்திய..."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பெறவு பேசுதேன்" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள் ஞானபூரணம்.

அவளுக்குள் பட்டாசு வெடித்தது. அப்படிப் போடு! என்ன ஆட்டம் ஆடினா! ஒரு மாதமாகப் போட்ட ஸ்டேட்டஸ் பூராவும் பொய்!

காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"... படகுல ஏறி நின்னோம்னா, காத்து அப்படியே ஆளத் தூக்கும். தண்ணியா, அது அம்புட்டும் நீலம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் கனகலட்சுமி. முகம் இளைத்திருந்தது. கண் மட்டும் மின்னியது.

ஞானபூரணம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். இவளும் அந்தக் கடலை என்னைப் போலப் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

ஜுலைகா பீவி சிரித்தார். "என் மவன் சவூதியில இருந்து அனுப்புத போட்டோ பூராவும் அவன் மூஞ்சிதான். நீ போட்டதுல ஒண்ணுலகூட உன்னயக் காணமே, கனகு? நெசமாவே சுத்திப் பாத்தியா, இல்ல வீட்டுக்குள்ளயே இருந்துட்டு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கனகலட்சுமி சிரிக்கவில்லை.

"அது... எடுக்கதுக்கு ஆளு..."

முகம் சுண்டிப்போனது. சிரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஞானபூரணம் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"ஏன் இல்ல? முழங்கால் தண்ணியில, சேலையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு கடல்ல நிக்கித போட்டோவ எனக்கு அனுப்புனாளே!"

கனகலட்சுமி திகைத்துப்போய் நிமிர்ந்தாள்.

"அப்படியா? எங்க, காட்டு பாப்போம்" என்றார் ஜுலைகா பீவி.

"எங்க இருக்கு? வயித்தெரிச்சல் தாங்காம அப்பமே அழிச்சிட்டேன்லா!" என்றபடி முதல் தம்ளரைக் கனகலட்சுமியின் கையில் கொடுத்தாள் ஞானபூரணம்.