சட்டைக்குள் நுழையாத கை

"கட்டின புருஷன் செத்துக் கிடக்கார். கிட்ட வந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பாருங்க! கல்நெஞ்சக்காரி!"

நாத்தனார் பொருமித் தீர்த்தாள். அண்ணனின் உடல் கட்டிலில் கிடக்க, அண்ணியோ விடிந்ததிலிருந்து கதவோரத்தை விட்டு நகரவில்லை.

உடலுக்கு உடை மாட்டிவிட வந்திருந்த ஆள், புதுச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடக்கை எப்படியோ நுழைந்துவிட்டது. வலக்கை மட்டும் இரும்புக் கம்பியாக நீட்டிக்கொண்டு நின்றது.

"உசிரு போனா சதை இப்படித்தாங்க விறைச்சுக்கும். நாளைக்குத் தானா தளர்ந்துடும்."

"நாளைக்கு வரைக்கும் போட்டு வைக்க முடியுமா?"

"அப்ப நான் நீவி மடக்குறேன். யாராவது சட்டையைப் பிடிங்க."

"பொண்டாட்டி எதுக்கு இருக்காங்க? அண்ணி, வாங்க இப்படி! எங்கண்ணனோடது கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கை. கிட்ட வரக்கூடக் கசக்குதா?"

அண்ணி வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சட்டையை விரித்துப் பிடித்தாள்.

'இப்பத்தான் நடிக்கவே ஆரம்பிக்கிறா' என்று நினைத்துக்கொண்டாள் நாத்தனார்.

அந்த ஆள் தோளையும் முழங்கையையும் அழுத்தி அழுத்தி நீவினார். அதுவரை முரண்டுபிடித்த மூட்டு சட்டென்று விட்டுக்கொடுத்தது. அவர் பிடியிலேயே கை மடங்கி மேலே எழும்பியது.

சட்டை கீழே விழுந்தது. அண்ணி இரண்டு கைகளாலும் இடக்கன்னத்தை மூடிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒடுங்கி நின்றாள்.

நாத்தனார் குனிந்து சட்டையைத் தானே எடுத்தாள்.

"செத்த கைம்மா அது. ஒண்ணும் பண்ணாது" என்றார் அந்த ஆள் மெதுவாக.

"எனக்குத் தெரியுதுங்க" என்றாள் அண்ணி. "கன்னத்துக்குத் தெரியலையே!"